மெத்தைக்கு அடியில் இருப்பது என்ன?

ஐப்பசி மாதத்தில் கொடைக்கானலில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்களா? கோடைக் கூட்டம் போய்விட்டிருக்கும். ஏரியின் மேல் மூடுபனி படுத்துக் கிடக்கும். நாளெல்லாம் தூறல். இரவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுக்கும்போது மெத்தையிலிருந்து ஒரு பூஞ்சை நாற்றம் எழும். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் அந்த அனுபவம் நேர்ந்தது. காலையில் மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அதன் அடித்துணி முழுதும் கருப்புப் புள்ளிகள். அதற்குக் கீழே கட்டிலின் முழுப் பலகை, கையால் தொட்டால் ஈரம். அறையின் கூரை ஒழுகவில்லை. சன்னலும் மூடித்தான் இருந்தது. அப்படியானால் அந்த நீர் எங்கிருந்து வந்தது?

அன்று காலை எனக்கு முதுகும் வலித்தது. பூஞ்சை நாற்றமும் முதுகு வலியும் வெவ்வேறு தொல்லைகள் என்றுதான் அப்போது நினைத்தேன். இரண்டுக்கும் காரணம் மெத்தைக்கு அடியிலிருந்த பலகையே என்பது பிறகுதான் விளங்கியது. மெத்தை வாங்கும்போது பஞ்சு என்ன, உறை என்ன, கனம் எவ்வளவு என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். அதைத் தாங்குவது எது என்று ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதியைப் பழனி மலையை விட்டு அதிக தூரம் போகாமலே சொல்லிவிடலாம்.

முதலில் மெத்தை. வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் மலையேறும்போது கீழ்ச்சரிவுகளில் இலவ மரங்களைக் கவனித்திருப்பீர்கள். இலையுதிர்ந்த கிளைகளில் காய்கள் மட்டும் தொங்கும். கோடையில் அவை வெடித்துப் பஞ்சு பறக்கும். போடிநாயக்கனூர் இந்தப் பஞ்சு வாணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். இலவம் பஞ்சின் இழையை நுண்பெருக்கியில் பார்த்தால் அது ஒரு மெல்லிய குழாய் என்பது தெரியும். உள்ளே காற்று, வெளியே மெழுகுப் பூச்சு. ஆகவே நீர் எளிதில் ஒட்டாது. தன் எடையைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு எடையை நீரில் மிதக்க வைக்கும் ஆற்றல் இதற்கு உண்டு என்பதால், முன்பு கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் இதைத்தான் அடைத்தார்கள்.

இந்தக் குழாய் மிகவும் மெல்லியது. நசுங்கினால் முழுதும் நிமிர்வதில்லை. நாள்தோறும் இடுப்பு அழுந்தும் இடத்தில் இழைகள் நசுங்கி, கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். அதனால்தான் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுகிறோம்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சைக் கொட்டுகிறோம். பஞ்சு கொட்டுபவர் தோளில் ஒரு பெரிய வில்லுடன் தெருவில் நாணைச் சுண்டிக்கொண்டு வருவார். அந்த ஒலி சிலருக்காவது நினைவிருக்கும். சமவெளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கொடைக்கானலில் ஆண்டுக்கு 150 செ.மீ.க்கு மேல் மழை. ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாது. எனவே அங்கே மெத்தையின் நலம் அதன் அடித்தாங்கியைப் பொறுத்தே இருக்கிறது.

தமிழ்நாட்டில் பழைய அடித்தாங்கி எது? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகர மார்க்கோ போலோ, இங்குள்ள செல்வர்கள் மிக இலேசான பிரம்புக் கட்டில்களில் படுப்பதையும், இரவில் அவற்றைக் கயிற்றால் மேலே இழுத்துக் கட்டிக்கொள்வதையும் எழுதி வைத்தார். கடிக்கும் பூச்சிகளிடமிருந்து தப்புவது ஒரு நோக்கம். காற்று வாங்குவது இன்னொரு நோக்கம் என்கிறார். அரை நூற்றாண்டு கழித்து, 1340களில் மதுரைக்கும் வந்து சென்ற இபின் பதூதா, இந்தியக் கட்டிலைத் தம் பயண நூலில் வியந்திருக்கிறார். ஒரே ஆள் தூக்கிச் செல்லக்கூடிய எடை. நான்கு கால், நான்கு சட்டம், இடையே பட்டு அல்லது பருத்தி நாடாப் பின்னல். அதற்கு மேல் மென்மைக்காக வேறொன்றும் தேவையில்லை என்பது அவருடைய கணிப்பு. இரண்டு பயணிகளும் அந்நியர்கள். நாம் பார்த்துப் பழகியதாலேயே பார்க்காமல் விட்டதை அவர்கள் பார்த்தார்கள். நம் கட்டிலில் வளைந்து கொடுக்கும் வேலையை மெத்தை செய்யவில்லை, அடித்தாங்கி செய்தது.

நம் வீடுகளில் இருந்த நார்க்கட்டிலும் நாடாக்கட்டிலும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே. பனைமட்டையின் நாரை நனைத்து இறுகப் பின்னிய கட்டில் புதிதாக இருக்கும்போது பறை போல விறைப்பாக இருக்கும். ஆறு மாதத்தில் தொட்டிலாகிவிடும். ஏன்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 செ.மீ. அகலத்துக்குக் கட்டிய ஒரு கயிற்றின் நடுவில் 5 கிலோ எடையை வைக்கிறோம். கயிறு 5 செ.மீ. தாழ்கிறது. கயிறு கிட்டத்தட்டக் கிடையாகவே இருப்பதால், அதன் இழுவிசையில் மிகச் சிறிய கூறுதான் எடையை மேல்நோக்கித் தாங்க உதவும். ஆகவே 5 கிலோ எடையைத் தாங்கக் கயிற்றில் ஏறத்தாழ 22 கிலோ இழுவிசை வேண்டும். கயிறு நெகிழ்ந்து 10 செ.மீ. தாழ்ந்துவிட்டால், பாதி இழுவிசை போதும். கயிறு தளரத் தளர அதன் சுமை குறைகிறது. தளர்ச்சி, கயிற்றுக்கு ஓய்வு; படுப்பவர் முதுகுக்குத்தான் தண்டனை. நார்க்கட்டிலின் நீண்ட சட்டங்களைத் தடிமனான மரத்தில் செய்ததற்கும், பழைய கட்டிலில் அவை உட்பக்கமாகச் சற்று வளைந்திருப்பதற்கும் இந்த இழுவிசையே காரணம்.

இன்னொரு குறையும் உண்டு. பின்னலில் ஒவ்வோர் இழையும் அடுத்ததோடு பிணைந்திருக்கிறது. நடுவில் இடுப்பு தாழ்ந்தால் அக்கம்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தாழும். இருவர் படுத்தால் இருவரும் நடுப்பள்ளத்தில் உருண்டு விழுவார்கள். சிறு பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, பெரியவர்களுக்கு அல்ல.

இழுவிசையால் தாங்குவது ஒரு வழி என்றால், வளைவால் தாங்குவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியைக் கொடைக்கானலுக்குப் போன பழைய பயணிகள் தங்கள் உடம்பிலேயே உணர்ந்தார்கள்.

பழனி மலையின் மேற்பகுதியை ஆங்கிலேய அதிகாரி வார்டு 1821-இல் அளந்தார். 1845-இல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சமய ஊழியர்கள் அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 'சன்னிசைடு', 'ஷெல்ட்டன்' என்பவை அவற்றின் பெயர்கள். காய்ச்சலும் காலராவும் அவர்களுடைய குடும்பங்களைச் சமவெளியில் வாட்டி எடுத்ததே இதற்குக் காரணம். ஆனால் மலைக்கு வண்டிப்பாதை இல்லை. 1875-இல் இருப்புப்பாதை வந்த பிறகு அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கினார்கள். இன்று அதைக் கொடைக்கானல் ரோடு என்கிறோம். அங்கிருந்து ஓர் இரவு முழுதும் மாட்டு வண்டியில் ஏறத்தாழ 50 கி.மீ. போய், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பை அடைய வேண்டும். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் மெத்தையைப் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். காலையில் தோப்பிலிருந்து மலைப்பாதை. நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ ஏறத்தாழ 18 கி.மீ. ஏற வேண்டும். மோட்டார் வண்டிகள் செல்லும் மலைச்சாலை 1910களின் நடுவில்தான் பயனுக்கு வந்தது. அதுவரை எழுபது ஆண்டுகள் நோயாளிகளும் குழந்தைகளும் முதியவர்களும், ஏன், பியானோக்களும் இரும்புக் கட்டில்களும்கூட ஆட்களின் தோளிலும் தலையிலும்தான் மேலே போயின.

அந்த நாற்காலியைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். நாற்காலியின் இரு பக்கமும் நீண்ட கழிகளைக் கட்டி, முன்னும் பின்னும் ஆட்கள் தோளில் தூக்குவார்கள். கழி மூங்கிலாக இருந்தால் சுமையால் நடுவில் தாழ்ந்து நிற்கும். ஒவ்வோர் அடிக்கும் தூக்குபவரின் தோள் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் முழுதும் உட்கார்ந்திருப்பவரைச் சேராதபடி மூங்கில் நடுவில் நின்று உள்வாங்கிக்கொள்கிறது.

எல்லா வளைவும் நல்லதல்ல. ஒரு வில்லின் மேல் சுமையை வைத்தால் அது எவ்வளவு தாழ்கிறது என்பதை மட்டும் அளந்தால் போதும், அது நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று கணக்கிட்டுவிடலாம். 6 செ.மீ. தாழ்ந்தால் நொடிக்கு 2 முறை ஆடும். மனிதன் நடக்கும்போது நொடிக்குச் சுமார் 2 அடி வைக்கிறான். இரண்டும் பொருந்தினால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் அடிக்கு அடி வளரும். உட்கார்ந்திருப்பவர் தூக்கி எறியப்படுவார். அதைத் தவிர்க்கக் கழி இன்னும் மெலிந்து 12 செ.மீ.க்கு மேல் தாழ வேண்டும். அல்லது தூக்குபவர்கள் அடி மாற்றி வைத்து நடக்க வேண்டும். இக்கணக்கை எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் தோளால் கற்றவர்கள் அவர்கள்.

தூக்குபவருக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்வியை வெகு காலம் யாரும் கேட்கவில்லை. 1991-இல் அமெரிக்க ஆய்வாளர் ரோட்ஜர் கிராம், வளையும் கழிகளில் சுமை தூக்கி ஓடுவதைச் சோதனை செய்து முடிவை வெளியிட்டார். செலவாகும் ஆற்றல் குறையவில்லை. ஆனால் தோளில் விழும் விசையின் உச்ச அளவு குறைந்தது என்பது அவர் கண்ட முடிவு. மூங்கில், சுமையைக் குறைக்கவில்லை, அடியைக் குறைத்தது. உட்கார்ந்து வந்தவர்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் நமக்குக் கிடைக்கின்றன. தூக்கி வந்தவர்களின் பெயர்கள்கூட நமக்குப் பெரும்பாலும் தெரியாது.

வளைவைப் பற்றிய கணக்கு மேல்நாட்டில் எப்படி வளர்ந்தது? 1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ, சுவரில் செருகிய உத்தரம் எவ்வளவு பாரத்துக்கு ஒடியும் என்று ஆராய்ந்தார். ஒரே பலகையைப் படுக்க வைத்தால் எளிதில் ஒடிகிறது, குத்துவாட்டில் நிறுத்தினால் ஒடிய மறுக்கிறது. இதற்கு அவர் காரணம் தேடினார். 1678-இல் ராபர்ட் ஹூக், வில் எவ்வளவு நீள்கிறதோ அதற்கேற்ற விகிதத்தில் விசை இருக்கும் என்ற விதியை வெளிப்படையாக எழுதினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக அச்சிட்டு வைத்திருந்தார். பிறர் தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம்தான்! 1804-இல் இங்கிலாந்தில் ஒபதயா எலியட் என்பவர், வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வண்டி வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். கொடைக்கானல் மலைச்சாலையில் உங்களை ஏற்றிச் செல்லும் பேருந்தின் சக்கரத்துக்கு மேலே குனிந்து பார்த்தால் அந்த வில்பட்டைகளின் வாரிசுகள் தெரியலாம். பழைய பட்டைகளை நம் கொல்லர்கள் வாங்கி அருவாள் அடிக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கட்டில் மட்டும் இந்தப் பாதையில் போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டுக் கட்டிலில் புகுந்தது சுருள்வில். கட்டில் சட்டத்தில் கம்பி வலையைச் சுருள்வில்களால் இழுத்துக் கட்டினார்கள்; பிறகு மெத்தைக்குள்ளேயே சுருள்வில்களை அடைத்தார்கள். கம்பி வலை போட்ட இரும்புக் கட்டிலில் நம் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் படுத்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். அது இரும்பில் செய்த நார்க்கட்டில். நாரைப் போலவே நடுவில் பள்ளம் விழும்; கூடுதலாகக் கிறீச்சிடும்.

வண்டி வில்லில் இருக்கும் பட்டையை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டிலில் குறுக்கே அடுக்கினால் என்ன? மரத்தால் செய்தால் என்ன? எளிய கேள்விதான். ஆனால் அது விற்பனைக்கு வந்த கட்டிலாக உருவெடுக்க 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜெர்மனியின் பிரெமர்ஃபோர்டே நகரில் கார்ல் தாமஸ், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹியூகோ டேகனின் துணையுடன், 'லாட்டோஃப்ளெக்ஸ்' என்ற பெயரில் வளையும் ரீப்பர்கள் கொண்ட அடித்தாங்கியை வெளியிட்டார். நம் தச்சர்கள் ஓட்டுக் கூரைக்கு அடிக்கும் ரீப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட மெல்லியது இது. பீச் அல்லது பிர்ச் மரத்தின் மெல்லிய தகடுகளைப் பசையிட்டு, அச்சில் வைத்து அழுத்தி, நடுப்பகுதி சற்று மேலெழுந்து நிற்குமாறு செய்தது. இரு முனைகளும் ரப்பர் உறைகளில் செருகியிருக்கும்.

இதன் வேலையை எண்களில் பார்ப்போம். ஒரு ரீப்பர் 86 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன் என்று கொள்வோம். பீச் மரத்தின் யங் குணகத்தைக் கொண்டு கணக்கிட்டால், அதன் நடுவில் 5 கிலோ எடையைத் தொங்கவிட ஏறத்தாழ 2.5 செ.மீ. தாழும். தடிமனை இரட்டிப்பாக்கி 16 மி.மீ. ஆக்கினால்? பாதிதான் தாழும் என்று நினைப்பீர்கள். இல்லை, எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ. மட்டுமே தாழும். வளைவு, தடிமனின் முப்படிக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுகிறது. 16 மி.மீ. ரீப்பர் வில் அல்ல, பலகைதான். மறுபக்கம், 8 மி.மீ.யை 7 ஆகக் குறைத்தால் ஒன்றரை மடங்கு தாழும். ஒரு மில்லிமீட்டர் இழைப்புளித் தச்சருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் முதுகுக்கு அது வேறொரு கட்டில்.

இந்த முப்படி விதியைக் கொண்டே உடலுக்கேற்ற கட்டிலை அமைக்கலாம். ஒருக்களித்துப் படுக்கும்போது தோள் உள்ளே அமிழ வேண்டும்; இடுப்பு அளவுக்கு மீறி அமிழக் கூடாது. அப்போதுதான் முதுகெலும்பு நேர்கோட்டில் நிற்கும். எனவே தோள் வரும் இடத்தில் 7 மி.மீ. ரீப்பர்களும், இடுப்பு வரும் இடத்தில் 9 மி.மீ. ரீப்பர்களும் போடலாம். கயிற்றுப் பின்னலைப் போலன்றி இங்கே ஒவ்வொரு ரீப்பரும் தனித்தனி. ஒன்று தாழ்ந்தால் அடுத்ததை இழுக்காது.

நடுவை ஏன் மேலெழும்ப வளைக்கிறார்கள்? நேரான ரீப்பர் சுமையால் குழிந்து படுப்பவரைத் தொட்டிலில் இடும். மேல்நோக்கி வளைந்தது சுமையால் நேராகிறது, அவ்வளவுதான். மேலும் மரம் ஒரே சுமையை ஆண்டுக்கணக்கில் தாங்கினால் மெல்ல மெல்ல நிலையாக வளைந்துவிடும் தன்மையுடையது. ஈரம் இருந்தால் அது விரைவாக நடக்கும். முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்து வைப்பது அதற்கு ஒரு முதலீடு.

முனைகளில் ரப்பர் எதற்கு? ஆணி அடித்தால் போதாதா? என் நண்பரான ஒரு தச்சர் இதே கேள்வியைக் கேட்டார். ரீப்பர் நிமிரும்போது அதன் முனைகள் சற்று வெளியே நகர வேண்டும். ஆணி அதைத் தடுக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. இரு முனைகளையும் சற்றும் திரும்ப முடியாதபடி இறுக்கிப் பிடித்தால், அதே ரீப்பர் அதே எடைக்கு நான்கில் ஒரு பங்குதான் தாழும். வில் செய்கிறேன் என்று தொடங்கிப் பலகை செய்து முடித்ததாகிவிடும். இதைச் சொன்னதும் அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ ஊஞ்சல் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கணும்ங்கறீங்க" என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

இனி, கொடைக்கானல் அறையின் ஈரத்துக்கு வருவோம். தூங்கும் மனிதன் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் ஏறத்தாழ ஒரு டம்ளர் நீரை ஆவியாக வெளியிடுகிறான். அதில் ஒரு பகுதி மெத்தைக்குள் இறங்குகிறது. உடலை ஒட்டிய காற்று 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். இக்காற்று 21 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனித்துளியாகப் படியத் தொடங்கும். சென்னையில் மெத்தையின் அடி 21 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் மழைக்கால இரவில் அறைக்குள்ளேயே அதைவிடப் பல டிகிரி குறைவு. ஆவி மெத்தை வழியாக இறங்கி, குளிர்ந்த பலகையைத் தொட்டு நீராகிறது. இலவம் பஞ்சின் மெழுகு அதை உறிஞ்சாது. ஆனால் பருத்தி உறை உறிஞ்சிக்கொள்ளும். மேலே மெத்தை, கீழே பலகை. காற்று புக வழியில்லை. பூஞ்சைக்கு இதைவிட நல்ல நாற்றங்கால் ஏது? நான் தூக்கிப் பார்த்த கருப்புப் புள்ளிகளுக்கான நீரை மழை கொண்டுவரவில்லை. எனக்கு முன் அங்கே தூங்கியவர்களும் நானும் கொண்டுவந்தோம்.

ரீப்பர்களுக்கு இடையே இடைவெளி இருந்தால் அந்த ஆவி நீராகுமுன் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். கட்டிலின் அடியிலும் பெட்டி, மூட்டை அடைக்காமல் காற்றோட்டம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மார்க்கோ போலோ கண்ட பிரம்புக் கட்டில் வெக்கைக்காகக் காற்றைத் தேடியது. கொடைக்கானல் கட்டில் ஈரத்துக்காக அதையே தேட வேண்டியிருக்கிறது.

முதுகு வலிக்குப் பலகையே மருந்து என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படிச் சொல்லி வந்தார்கள். 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று, நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரை 90 நாள் கவனித்தது. ஒரு சாராருக்கு மிக விறைப்பான மெத்தை. மற்றவர்க்கு நடுத்தர விறைப்புள்ளது. யாருக்கு எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. அந்த ஆய்வு மெத்தையைப் பற்றியது, அடித்தாங்கியைப் பற்றியதல்ல. ஆனால் நசுங்கிப்போன இலவம் பஞ்சு மெத்தையைப் பலகையில் போட்டுப் படுப்பவர், ஏறத்தாழப் பலகையில்தான் படுக்கிறார்.

பீச் மரம் நமக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். தேவையில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். ஒட்டுப்பலகை செய்ய உதவுகிறது. மேல்மலையில் பெருகிக் கிடக்கும் யூக்கலிப்டஸ் வலுவான மரந்தான். ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். என் வாக்கு மூங்கிலுக்கு. அதன் வளையும் வலிமை முழுதும் வெளிச்சுவரில் குவிந்திருக்கிறது. அகலம் 4 செ.மீ., தடிமன் 8 மி.மீ. உள்ள ஒரு மூங்கில் பிளாச்சு, மேலே சொன்ன 5 செ.மீ. பீச் ரீப்பருக்கு ஏறத்தாழச் சமமாக வளையும். பகை ஒன்றுதான்: மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வந்து துளைக்கும் வண்டு. வெட்டிய மூங்கிலைச் சில வாரம் நீரில் ஊறப்போட்டுக் காயவைப்பது பழைய முறை. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பது இன்றைய முறை.

செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் முழுக் கட்டிலில் தொடங்க வேண்டாம். ஒரு பிளாச்சு போதும். கணுக்களின் உட்புறத்தைச் செதுக்கிச் சமமாக்கி, தடிமனை நீளம் முழுதும் ஒரே அளவாக இழையுங்கள். இரண்டு செங்கல் அடுக்குகளை 85 செ.மீ. இடைவெளியில் வைத்து, அவற்றின் மேல் பிளாச்சைப் படுக்க வையுங்கள், கட்ட வேண்டாம். நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, வாளியும் நீருமாக 5 கிலோ வரும்வரை ஊற்றுங்கள். தாழ்வை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். 2 முதல் 3 செ.மீ. வரை இருந்தால் அது இடுப்புக்கும் தோளுக்கும் இடையே பயன்படும். 1 செ.மீ.க்குக் குறைவென்றால் இன்னும் இழைக்க வேண்டும். ஆனால் முப்படி விதியை மறந்து ஒரேயடியாக இழைத்துவிடாதீர்கள். வாளியை ஓர் இரவு அப்படியே விட்டுக் காலையில் மறுபடி அளந்து, எடுத்தபின் பிளாச்சு முழுதும் நிமிர்கிறதா என்றும் பாருங்கள். நிமிராததைக் கட்டிலில் போடாதீர்கள்.

தேறிய பிளாச்சுகளைக் கட்டிலில் அடுக்கும்போது தோல்பக்கம் கீழே இருக்கட்டும். சுமை ஏறும்போது அடிப்பக்கந்தான் இழுபடுகிறது. இழுப்பைத் தாங்கும் நார்கள் அந்தப் பக்கமே அடர்த்தி. முனைகளுக்குப் பழைய சைக்கிள் டயரை வெட்டி உறையாக்கலாம். பிளாச்சுகளுக்கு நடுவே 3 முதல் 4 செ.மீ. இடைவெளி விடுங்கள், அதற்கு மேல் விட்டால் இலவம் பஞ்சு மெத்தை இடுக்குகளில் பிதுங்கும். மேலே ஒரு கோரைப்பாயை விரித்து அதன் மேல் மெத்தையைப் போட்டால் உறை தேயாது. பாயின் இழைகளுக்கு இடையே காற்றும் போய்வரும்.